கல், கழனி, தறி, நகரம்

பிப். 2, திங்கள்

காலையில் பனி. ஐயம்பேட்டையில் ஷேர் ஆட்டோ லேட். கிடைத்த இடம் டிரைவர் பக்கத்தில், பாதி உடம்பு வெளியே. முன்னால் போன பஸ்ஸிலிருந்து எவனோ துப்பிய பாக்கு எச்சில் என் முழங்கையில். டிரைவரிடம் காட்டினால், "காத்து அப்படி அடிக்குதுமா, இன்னா பண்றது" என்கிறான். துப்பினவன் மேல் குற்றமில்லை, காற்றின் மேல்தான். சீ. ஷாலினி தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் ஊற்றினாள். ஊற்றும்போதே சிரிப்பு வேறு. நான் பெற்ற மகளும் அப்படி.

ஸ்டாஃப் ரூம் கழிப்பறையில் மறுபடி தண்ணீர் இல்லை. பியூன்: "மோட்டார் ரிப்பேர் மிஸ், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." எதை அட்ஜஸ்ட் செய்வது என்று சொல்லவில்லை.

மூன்றாவது பீரியடில் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். மேடம் என்றால் கரஸ்பாண்டென்ட்டின் மனைவி. பள்ளியில் எந்தப் பதவியும் கிடையாது, எல்லாப் பதவியும் அவர்தான். ஆண்டு விழா பதின்மூன்றாம் தேதி. ஆறாம் வகுப்புக்கு இந்த முறை டான்ஸ் வேண்டாமாம், "நாலெட்ஜ் ப்ரோக்ராம்" வேண்டுமாம். தலைப்பு அவரே வைத்துவிட்டார்: ஆதி மனிதன் முதல் நாகரிகம் வரை. சோஷியல் டீச்சர் நான், ஆகவே ஸ்கிரிப்ட் என் தலையில்.

"கடைசில ஒரு பல்லவ ராஜாவும் வந்துடட்டும் மிஸ். காஞ்சிபுரத்துல பல்லவர் இல்லாம எப்படி? கூரத்துலகூட அவங்க செப்பேடு கிடைச்சிருக்குதே."

முதல் நகரத்துக்கும் பல்லவனுக்கும் நடுவில் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் கிடக்கிறது என்றேன். "பேரன்ட்ஸ் யாரும் எண்ணிப் பாக்க மாட்டாங்க மிஸ்." கொடுத்த காபியில் ஆடை மிதந்தது. உதட்டில் ஒட்டியது. விழுங்கினேன்.

ஷாலினிக்கு விஷயம் தெரிந்ததும் குதி. கடைசிக் காட்சியில் நகரத் தலைவி ஒரு பேச்சு பேச வேண்டும். ஆறாம் 'பி'யில் அவளைப் போல் தொண்டை உள்ள பிள்ளை கிடையாது, பேச்சுப் போட்டியில் வாங்கிய மூன்று கோப்பை டிவி மேல் இருக்கிறது. "நான்தானம்மா?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்கிறாள். பார்க்கலாம் என்றேன். பெற்ற பிள்ளையின் பெயரை நானே எழுத முடியாது. எழுத வேண்டிய தேவையும் இருக்காது.

பிப். 3, செவ்வாய்

ரவையில் வண்டு. சலித்தும் போகவில்லை, கொட்டினேன். வீட்டுக்காரர் அருளுக்கு இட்லி மாவு தோசையாயிற்று.

சாயந்திரம் ஸ்கிரிப்ட். நான்கு காட்சி: கல், கழனி, தறி, நகரம். பல்லவன் வால்.

எழுத உட்கார்ந்தால் பாடப்புத்தகத்தில் இல்லாததெல்லாம் வருகிறது. மனிதன் இருந்த காலத்தில் பெரும் பங்கு கல் காலம்தான். மற்றதெல்லாம் கடைசி ஓரம். நம் சுற்று வட்டாரத்திலேயே கல் கோடாரி கிடைத்திருக்கிறது. ராஜா இல்லை, வேலி இல்லை, பூட்டு இல்லை. அதற்காகச் சொர்க்கமும் இல்லை: பிள்ளைகள் செத்தன, பல் வலித்தால் வலித்ததுதான். ஆனால் மானை அடித்தவன் தனியாகத் தின்றிருக்க மாட்டான். செத்தவரை அப்படியே போட்டுவிட்டும் போகவில்லை.

விதை பிடிபட்டது, தங்கினார்கள். தங்கிய இடத்தில் பானை. பானை வந்ததும் மிச்சம் பிடித்து வைத்தார்கள். மிச்சம் இருந்த இடத்தில் காவல். காவல் இருந்த இடத்தில் கணக்கு, கணக்குக்காக எழுத்து. கடைசியில் ஒன்றும் விதைக்காத ஒருவன் எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டு நின்றான். கிரீடம் அவனுக்கு.

இதை அப்படியே வைத்தால் மேடம் கிழிப்பார். 'தலைவர் தானியத்தைப் பாதுகாத்தார்' என்று மாற்றினேன்.

பிப். 4, புதன்

எழுதிவிட்டால் தேவலை.

பாத்திரம் பிரித்தார்கள், பெரிய ஹாலில். எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம்: வேஷத்துக்கு உடை பிள்ளையே கொண்டு வர வேண்டும். யாரிடம் என்ன உடை இருக்கிறதோ அதுதான் வேஷம். கிறிஸ்துமஸ் விழாவிலும் இப்படித்தான், சுதந்திர தினத்திலும் இப்படித்தான். யாரும் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை. நானும்.

மேடம் நாற்காலியில். பிள்ளைகள் ஒவ்வொருவராக எதிரில். ஒரே கேள்வி. "வீட்ல இன்னா இருக்குது கண்ணா?"

கிரிதரன், பட்டுக்கடை வீட்டுப் பையன்: "பட்டு வேட்டி, ஜரிகை அங்கவஸ்திரம், கிரீடம் செய்யச் சொல்லலாம் மேடம்." ராஜா. அவன் சித்தப்பா மகள் ஹாசினி: பட்டுப்பாவாடை, ஒட்டியாணம். நகரத் தலைவி. குருக்கள் வீட்டுப் பையன் பூசாரி. கேள்விகூடக் கேட்கவில்லை, அவனே போய் நின்றுகொண்டான். நெசவாளர் தெருப் பிள்ளைகள் ராட்டை, ஊடு நூல் ஓட்டும் நாடா, பாவு நூல் கொண்டு வருவார்கள். தறி. நிலம் உள்ள வீட்டுப் பிள்ளைகளிடம் கலப்பை பொம்மையும் தலைப்பாகைத் துண்டும் உண்டு. கழனி.

மிச்சம் எட்டுப் பேர். "வீட்ல இன்னா இருக்குது?" ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "சரி, சாக்கு இருக்குமில்ல? சாக்கு போதும். கல்."

எட்டுப் பேரும் காலனிப் பிள்ளைகள். எட்டும் என் நிறம். எட்டில் ஒன்று ஷாலினி.

யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. யார் வாயிலும் சாதி வரவில்லை. மேடம் கடைசி வரைக்கும் சிரித்த முகம், எல்லாரும் கண்ணா, எல்லாரும் செல்லம். ஒரு பீரியட் முடிவதற்குள் ஊரே தெருத் தெருவாக வரிசையில் நின்றது. பெரிய காஞ்சிபுரத்து வீதிகளை வரைபடம் போடச் சொன்னால்கூட இவ்வளவு சரியாக வராது.

இதில் இன்னொன்று. என் அப்பா ஆயுசுக்கும் கழனியில் கூலி. கழனிக் காட்சியில்கூட எங்களுக்கு இடமில்லை. நாற்று நட்டவர்கள் கல் காலத்தில், வரப்பில் குடை பிடித்தவர்கள் கழனியில்.

டிராயிங் மாஸ்டர் என் காதருகே: "இந்த எட்டுப் பேருக்கு மேக்கப் வேலை மிச்சம் மிஸ்." நான் இருக்கிறேன் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற கணக்கு டீச்சர் சிரித்தார். என் வாயும் ஏதோ இளித்தது. த்தூ.

ஷாலினி வீட்டுக்கு வந்ததும், "பரவால்லமா, எனக்கு நெருப்பு கண்டுபிடிக்கிற பார்ட் குடுத்திருக்காங்க" என்றாள். என்னைச் சமாதானம் செய்கிறாளாம்.

பிப். 5, வியாழன்

ஸ்கிரிப்ட் திரும்பி வந்தது. சிவப்பு மையில் மேடம் ஒரு வரி சேர்த்திருக்கிறார். நகரக் காட்சி ஆரம்பிக்கும் இடத்தில்: 'காட்டுவாசிகள் பயந்து ஓடி மறைகிறார்கள். நகர மக்கள் நுழைகிறார்கள்.'

எங்கே ஓடினார்கள்? ஓடி எந்த ஊருக்குப் போனார்கள்? கல்லைத் தேய்த்தவன்தான் விதைத்தான், விதைத்தவன் மகள்தான் நூல் முறுக்கினாள், அவள் பேரன் செங்கல் அடுக்கினான். ஒரே ஆட்கள். இடது வாசலில் ஒரு கூட்டம் வெளியே, வலது வாசலில் வேறு கூட்டம் உள்ளே என்று எந்த மண்ணிலும் நடக்கவில்லை. இது என் அபிப்பிராயம் இல்லை, பாடமே இதுதான். ஆறாம் வகுப்புக்கு இதை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும்.

இடைவேளையில் போய்ச் சொன்னேன். அழகாகச் சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டு. "மேடம், வேற வேற பிள்ளைங்க வேணாம். முப்பது பேரும் கல்லுல ஆரம்பிக்கட்டும். மேடையிலேயே துணி மாத்தி மாத்தி எல்லாரும் நகரத்துல முடிக்கட்டும்."

"ஐடியா சூப்பர் மிஸ். ஆனா ட்ரெஸ்? சாக்கு போட்டுக்கினு கிரி வருவானா, அவங்க அப்பா என்னைக் கேக்க மாட்டாரா? உங்க பசங்களுக்குக் கடைசி சீனுக்குப் பட்டு யார் கொண்டாருவா?"

உங்க பசங்க.

"ஷாலினிக்கு நான் கொண்டு வரேன் மேடம்."

"கொண்டாங்க. ட்ரெஸ் இருந்தா வேஷம், அதானே நம்ம ரூல். கொண்டாங்க, பாக்கலாம்."

வாயால் சொல்லிவிட்டார். அதுவரைக்கும் சரி.

மதியம் டிபன் பாக்ஸில் முடி. யாருடையது என்று ஆராயாமல் மூடிவிட்டேன்.

பிப். 7, சனி

வெயில் ஆரம்பித்துவிட்டது. பீரோவிலிருந்து கல்யாணப் பட்டை எடுத்தேன். சந்தன நிறம், கைப்பிடி அகல ஜரிகைக் கரை. சர்ச்சில் அந்த ஒரு காலை உடுத்தினது, அப்புறம் இரண்டு முறை. பாச்சை உருண்டை நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. வெளியே கொடியில் நிழலில் போட்டேன்.

வசந்தா வந்தாள். தறி வீட்டுக்காரி, அவள் மகள் தேவி ஷாலினியின் வகுப்பு. சின்னப் பெண்ணுக்குப் பெரிய புடவையைக் கட்டத் தெரிந்தவள் என்று கூப்பிட்டிருந்தேன். வந்ததும் வராததுமாகப் புடவையின் கரையைத் திருப்பி உள்பக்கம் பார்த்தாள். கண் அங்கேதான் போகிறது அவர்களுக்கு.

"நல்ல நெசவு மிஸ். எங்க தெருவுல எவனாச்சும் நெஞ்சதாத்தான் இருக்கும்." அப்புறம் குரலை இறக்கி: "எங்க தேவிக்கு இன்னா வேஷம் தெரியுமா? தறில உக்காந்துக்கினு நாடா போடணுமாம். ஊட்லயும் அத்தான் பாக்குது, ஸ்கூலுக்குப் போயும் அத்தானா? இதுக்கா பீஸு கட்டிக்கினு கெடக்கறோம்?"

"மேடத்துகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனே. 'உங்க பாரம்பரியம் மா, பெருமையா நினைங்க'ன்னாங்க. பெருமைய அவங்க பொண்ணுக்குக் குடுக்கச் சொல்லுங்க மிஸ்."

இரண்டு பேரும் சிரித்தோம். நல்ல சிரிப்பு இல்லை அது.

புடவையை இரண்டாக மடித்து, கொசுவத்தை உள்ளே தள்ளி, முந்தானையை முதுகில் சுற்றி இடுப்பில் செருகினாள். ஷாலினி கண்ணாடி முன் நின்றாள். தானாக முதுகு நிமிர்ந்தது. பேச்சை முழுக்கச் சொன்னாள், ஒரு இடம் தடுக்கவில்லை. 'இந்தச் சுவரின் ஒவ்வொரு செங்கலும் ஒரு கை வைத்தது' என்ற இடத்தில் வசந்தா சமையலறை வாசலில் அசையாமல் நின்றாள். நான்தான் எழுதினேன், இருந்தாலும் அவள் வாயில் வேறு மாதிரி இருக்கிறது. சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுதி வைக்கிறேன், எல்லாம் நாற்றமாகவே இருந்தது என்று பின்னால் நினைத்துக்கொள்ளக் கூடாது.

பிப். 8, ஞாயிறு

ஆராதனை. போதகர் தாழ்மையைப் பற்றி நீளமாக. மைக் கொய்ங் என்றது. எனக்குத் தாழ்மை போதும் போதும் என்றிருக்கிறது.

திரும்பி வந்தால் அருள் தன் பிரிண்டிங் கடையில் விழா ஃபிளெக்ஸ் போட்டுக்கொண்டிருக்கிறார். பள்ளி ஆர்டர், என் வழியாகத்தான் போனது. கம்ப்யூட்டரில் பார்த்தேன். நெட்டிலிருந்து எடுத்த படம்: குனிந்த குரங்கு, கூனின ஆள், ஈட்டிக்காரன், உழவன், கடைசியில் நிமிர்ந்து நிற்கிற நாகரிக மனிதன். குரங்கு கறுப்பு. அடுத்தவன் கொஞ்சம் குறைவு. போகப் போக வெளுப்பு. கடைசி ஆள் பால் கோவா நிறத்தில் சிரிக்கிறான்.

"இத நீ பாக்கவே இல்லையா?"

"எல்லா இடத்துலயும் இந்தப் படந்தான் ஸ்டெல்லா இருக்குது. இன்னா இப்போ?"

"கையை நீட்டு. நீ இதுல எத்தனாவது ஆளு?"

நீட்டினார். திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். அப்புறம் மவுஸைப் பிடித்து ஐந்து பேரையும் ஒரே பழுப்பாக்கினார். "விடு ஸ்டெல்லா, ஒரு நாள் கூத்து. அந்த அம்மாகிட்ட மோதிக்கினு வேலைய வுட்டுடாத. பொண்ணு பீஸ்ல பாதி உன் வேலைலதான் குறையுது."

தெரியும். அது தெரியாமலா பல்லை இளித்துக்கொண்டு திரிகிறேன்.

பிப். 9, திங்கள்

புடவையை மஸ்லின் துணியில் சுற்றி எடுத்துப் போனேன்.

மேடம் பிரித்துப் பார்த்தார். தடவினார். "ஐயோ, ரொம்ப அழகு மிஸ். ஆனா ஒயிட்டா இருக்குதே. ராணிக்கு ஒயிட்டா? அபசகுனமா நினைப்பாங்க."

"ஒயிட் இல்ல மேடம், சந்தனம். கல்யாணப் புடவை."

"உங்க கல்யாணத்துக்கு அது சரி." அடுத்தது: "ஹாசினி அம்மா பார்லர்ல சொல்லிட்டாங்களாம்." அடுத்தது: "இது சிந்துவெளி சீன், பட்டு இருந்துதான்னு நீங்களே கேப்பீங்க." கிரிதரனின் ஜரிகை வேட்டி எந்த வெளி என்று கேட்டேன். சிரித்தார். எனக்கும் சிரிக்கத் தெரியும், நானும் சிரித்தேன். ரூல் இருந்தது, ரூலுக்கு ஏற்றபடி கொண்டு வந்தேன், ரூல் எழுந்து வேறு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். நிஜமான பிரியத்தோடு. அதுதான் தாங்க முடியவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க மிஸ். ஷாலினி நல்லாப் பேசுவா, எனக்குத் தெரியாதா? ஆனா ஸ்டேஜ் லைட்ல முகம் எடுப்பாத் தெரியணுமில்ல. போட்டோ வேற எடுக்கறாங்க."

புடவையைச் சுற்றினேன். மடிப்பு சரியாக வரவில்லை. அவர் தொட்ட கையைக் கழுவலாம் என்று போனால் குழாயில் தண்ணீர் இல்லை.

ஷாலினியிடம் ஹாசினி அம்மா பார்லரில் சொல்லிவிட்டாராம் என்றேன். "சரிம்மா" என்றாள். உண்மையைச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பிப். 11, புதன்

ஒத்திகை. எட்டுப் பேரும் "ஊகா ஊகா" என்று கத்த வேண்டுமாம், டிராயிங் மாஸ்டர் சேர்த்தது. கல் காலத்தில் பேச்சே கிடையாதாம். எங்கிருந்து தெரிந்ததோ அவருக்கு. இப்போது வகுப்பில் இந்த எட்டுப் பேருக்கும் பெயரே அதுதான். "ஏய் ஊகா, ஸ்கேல் குடு." "ஊகா, தள்ளி உக்காரு." அந்தப் பிள்ளைகளும் திரும்பிப் பார்க்கிறார்கள். கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஷாலினி காலையில், "வயிறு வலிக்குதும்மா, லீவு போடட்டுமா?" பொய். எனக்கும் அதே வலிதான். போகத்தான் வேண்டும் என்றேன்.

வெறும் வேஷம்தானே என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். அந்தப் பெண் இனிமேல் கண்ணாடி முன் நின்று தொண்டையைச் செருமுவாளா, மாட்டாளா, அதுதான் கேள்வி. கோப்பைகளை டிவி மேலிருந்து எடுத்துக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறாள். தூசி படுகிறதாம்.

மதியம் எட்டுப் பேரையும் மைதான ஓரம் கூப்பிட்டேன். மெதுவாகச் சொன்னேன். "நகரத்து ஆளுங்க வரும்போது ஓடாதீங்க. நெருப்பைச் சுத்தி உக்காருங்க. அங்கயே இருங்க. உங்க நெருப்பு அது. அவங்க உங்க பிள்ளைங்க, உங்களைப் பாத்துப் பயப்பட ஒண்ணுமில்ல, நீங்களும் பயப்பட ஒண்ணுமில்ல."

"மேடம் திட்டுவாங்களே மிஸ்?"

"என்னைத்தான் திட்டுவாங்க."

ஷாலினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப். 13, வெள்ளி

வியர்வை, மல்லிகை, சாம்பார், ஹேர் ஸ்பிரே. பந்தலுக்குள் மூச்சு முட்டியது. ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். மேடம் அண்ணாந்து பார்த்து, "கலர் கொஞ்சம் டல்லா இருக்குதே" என்றார். அருள் பின்வரிசையில் தலையைக் குனிந்து சிரித்தார்.

மேடைக்குப் பின்னால் போனால் டிராயிங் மாஸ்டர் எட்டுப் பேரையும் நிற்க வைத்துப் பூசிக்கொண்டிருக்கிறார். கரித்தூளும் எண்ணெயும் குழைத்து. மேக்கப் மிச்சம் என்றவர். "லைட்ல இன்னும் டார்க்காத் தெரியணும் மிஸ்." ஷாலினி கையை விரித்து நின்றாள். முகம், கழுத்து, காது மடல் வரைக்கும். கண் மட்டும் தெரிந்தது. கண்ணை என் பக்கம் திருப்பவில்லை.

கல். எட்டுப் பேரும் நன்றாகத்தான் செய்தார்கள். கல்லை உரசினார்கள், சிவப்புத் தாளுக்குள் பல்பு எரிந்தது. கைதட்டல். கழனி வந்தது, போனது. தறியில் தேவி நாடாவைப் போட்டாள், உண்மையான கை, யாரும் கவனிக்கவில்லை. எட்டுப் பேரும் இதுவரை ஓரத்தில் நெருப்போடு. பிறகு மேளம். நகரம்.

உட்கார்ந்தார்கள். எட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள், நான் சொன்னபடி.

எதிர்ப்பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து மேடம் கையை வீசினார். போ, போ என்று, ஆட்டை விரட்டுகிற மாதிரி. முதலில் ஒருவன் எழுந்து ஓடினான். பிறகு இருவர். பிறகு எல்லாரும். யாரைக் குற்றம் சொல்வது, பதினொரு வயசு. ஷாலினி மட்டும் எழவில்லை. பல்புக்குப் பக்கத்தில் சாக்கோடு, தனியாக.

கூட்டத்தில் சிரிப்பு. ஒரு ஆள் சத்தமாக: "ஏய், ஒண்ணு மாட்டிக்கிச்சு பாரு!" அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. கிரிதரனுக்கும் சிரிப்பு வந்து கிரீடம் சரிந்தது. ஹாசினி பேச முன்னால் வர வேண்டும், வழியில் ஷாலினி. முன்வரிசையிலிருந்து ஹாசினியின் அம்மா எழுந்து கத்தினார்:

"ஹாசினி, அந்தப் பொண்ணு மேல படாம வா! படாம வா, ஒட்டிக்கும்!"

கரியைத்தான் சொன்னார். புது பட்டுப்பாவாடை, கரி ஒட்டும், நியாயம்தான். வேறு அர்த்தம் எதுவும் இல்லை. இந்த ஊரில் எதற்கும் வேறு அர்த்தம் இருந்ததே இல்லை. ஹாசினி பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சுற்றி நடந்தாள்.

பேச்சு ஆரம்பித்தது. மூன்றாவது வரியில் ஹாசினிக்கு மறந்துவிட்டது. உதடு துடித்தது, பாவம் அதுவும் குழந்தை. அப்போது கீழேயிருந்து, தலையைத் தூக்காமல், ஷாலினி: "இந்தச் சுவரின் ஒவ்வொரு செங்கலும்..." ஹாசினி பிடித்துக்கொண்டாள். அடுத்த வரியும் கீழேயிருந்து. அதற்கடுத்ததும். கடைசி வரை அப்படித்தான் போனது. சிறப்பு விருந்தினர் மேடையேறி ஹாசினியைக் கம்பீரம் என்றார், சால்வை போட்டார். பல்லவ ராஜா வந்து கும்பிட்டார். திரை.

மேடம் என்னிடம் நேராக வந்தார். சிரிப்பு இல்லை, முதல் தடவையாக.

"உங்க பொண்ணு ஏன் மிஸ் ஓடல?"

"நான்தான் ஓட வேணாம்னு சொன்னேன்."

"மண்டே ஆபீஸ்ல வந்து பாருங்க."

வரேன் என்றேன். பயம் எதுவும் இல்லை அப்போது. உட்கார வைத்தது நான், சிரிப்பை வாங்கியது அவள்.

அருள் பைக்கில் மூன்று பேர். நடுவில் ஷாலினி, கரி என் ஜாக்கெட் முழுக்க. வீட்டில் விளக்குப் போடும் நேரம். பின்பக்கம் குழாயடியில் ஸ்டூலில் உட்கார வைத்தேன். தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்துக் கரியைக் கரைத்தேன். அப்புறம் சோப்பு. முதல் வாளித் தண்ணீர் மசியாக ஓடியது. அடுத்தது சாம்பல் நிறம். காது மடல், கழுத்து, விரல் இடுக்கு. அந்த மாஸ்டரின் கை, அந்த ஆளின் சிரிப்பு, அந்த அம்மாவின் குரல், எல்லாவற்றையும் தேய்த்தேன். உடம்பு தேய்க்கிற பீர்க்கங்கூட்டை எடுத்தேன். முழங்கை, தோள், மறுபடி முழங்கை.

"அம்மா, வலிக்குது."

"இரு. இன்னும் போகல."

ஷாலினி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். கீழே காட்டினாள். காலடியில் ஓடின தண்ணீர் தெளிவாக இருந்தது.

"கரி எப்பவோ போயிடுச்சுமா. இது நான்."